ரஸ்கோல்நிகோவ் ஏன் ஒப்புக்கொண்டான்?

ருஷ்ய எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலின் கதை என்ன என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். ரஸ்கோல்நிகோவ் என்ற ஏழை மாணவன் அடகு பிடிக்கும் கிழவியைக் கொல்கிறான், மனச்சாட்சி உறுத்துகிறது, தாங்க முடியாமல் போலீசில் போய் ஒப்புக்கொள்கிறான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்ற பழமொழியைத்தான் தஸ்தயெவ்ஸ்கி நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு இழுத்திருக்கிறார் என்று முடித்துவிடுவார்கள். புத்தகத்தைத் தொடாதவர்களும் இதையேதான் சொல்வார்கள், இன்னும் கொஞ்சம் உறுதியாக.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ரஸ்கோல்நிகோவுக்குப் பயம் வருகிறது, காய்ச்சல் வருகிறது, தன் மேலேயே அருவருப்பு வருகிறது. ஆனால் 'கொன்றது தப்பு' என்று அவன் ஏற்றுக்கொள்ளும் இடத்தைத் தேடிப் பாருங்கள், ஒப்புதல் வரைக்கும் கிடைக்காது. சைபீரியச் சிறைக்குப் போன பிறகும் வெகுநாள் கிடைக்காது. வருந்தாதவன் எதற்காக ஒப்புக்கொண்டான்?

குற்றவுணர்வு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நாம் நாலைந்து விஷயங்களைத் திணித்து வைத்திருக்கிறோம். அவற்றைப் பிரித்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும். உளவியலோ ருஷ்ய இலக்கியமோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுமே என்ற கவலையும் வேண்டாம். கொலை செய்தவன் யார் என்பது முதல் பாகத்திலேயே தெரிந்துவிடும் நாவல் இது.

கதை, தேவையான அளவுக்கு

நாவல் 1866-இல் 'ருஷ்யத் தூதன்' என்ற மாத இதழில் தொடராக வந்தது. ஆறு பாகங்கள், ஒரு பின்னுரை. இடம் பீட்டர்ஸ்பர்க், காலம் ஜூலை மாதத்துப் புழுக்கம். சட்டப் படிப்பைப் பாதியில் விட்ட 23 வயது ரஸ்கோல்நிகோவ், அல்யோனா இவானோவ்னா என்ற கிழவியைக் கோடாரியால் கொல்கிறான். கிழவியின் தங்கை லிஸாவெதா எதிர்பாராமல் வீட்டுக்குள் வந்துவிட, அவளையும் கொல்கிறான். இதெல்லாம் முதல் பாகத்தோடு முடிந்துவிடுகிறது. மீதி ஐந்து பாகமும் அவன் பிடிபடாமல் திரியும் சில நாட்கள்தான்.

அவனிடம் ஒரு கொள்கை இருக்கிறது, அதைக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறான். மனிதர்கள் இரண்டு வகை. சாதாரண ஆட்கள் சட்டத்துக்கு அடங்கி வாழப் பிறந்தவர்கள். நெப்போலியன் மாதிரி ஆட்களோ, பெரிய காரியத்துக்காக ரத்தத்தையும் தாண்டிப் போகலாம். இங்கே 'தாண்டுவது' என்பது முக்கியமான சொல். 'குற்றம்' என்பதற்கான ருஷ்யச் சொல்லின் வேரிலேயே தாண்டிப் போவது என்ற பொருள் இருக்கிறது. தான் தாண்டக்கூடிய ஆளா இல்லையா என்று சோதிக்கத்தான் கொன்றேன் என்று பிறகு அவனே சொல்கிறான்.

பணத்துக்காக இல்லையா? கொஞ்சம் அதற்கும்தான். ஆனால் எடுத்துவந்த பணப்பையை அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை, ஒரு முற்றத்தில் பெரிய கல்லுக்கு அடியில் புதைத்துவிட்டான். அதில் 317 ரூபிளும் மூன்று 20 கோபெக் நாணயங்களும் இருந்தது விசாரணையில்தான் தெரிய வருகிறது. எவ்வளவு எடுத்தான் என்பது அவனுக்கே தெரியாது என்றதை நீதிமன்றத்தில் பலரால் நம்பவே முடியவில்லை.

டிக்கெட் எடுக்காத பயணம்

இப்போது ரஷ்யாவை விட்டுவிட்டு ஒரு பஸ்ஸில் ஏறுவோம். நல்ல கூட்டம். நடத்துநர் உங்களிடம் டிக்கெட் கேட்க மறந்துவிட்டார், நீங்களும் பேசாமல் இருந்துவிட்டீர்கள். இதற்குப் பிறகு மனதுக்குள் நான்கு விஷயங்கள் நடக்கலாம்.

பரிசோதகர் ஏறிவிடுவாரோ என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாசலைப் பார்க்கிறீர்கள். இது பயம். மாட்டிக்கொள்ள வாய்ப்பில்லை என்று தெரிந்ததும் போய்விடும்.

'கணக்குக் குறைந்தால் அந்த நடத்துநர் கையிலிருந்து போட வேண்டி வருமே' என்று தோன்றுகிறது. இதுதான் குற்றவுணர்வு: செய்த காரியத்தின் மேலும், அதனால் பாதிக்கப்பட்டவர் மேலும் கவனம் போகிறது. அதனாலேயே இதில் ஒரு நல்லதும் உண்டு. காசை நீட்டி 'மறந்துட்டீங்க' என்று சொல்லத் தோன்றும். சரிசெய்ய வழி இருக்கிற உணர்வு இது.

பரிசோதகர் பிடித்துவிட்டார், பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது. 'சே, இவ்வளவு மட்டமான ஆளா நான்' என்று கூனிக் குறுகுகிறீர்கள். இது அவமானவுணர்வு. கவனம் நடத்துநர் மேல் இல்லை, உங்கள் மேல் இருக்கிறது. இந்த உணர்வு வந்தால் சரிசெய்யத் தோன்றாது; ஒளியத் தோன்றும், அல்லது பரிசோதகர் மேலேயே எரிந்து விழத் தோன்றும். குற்றவுணர்வில் செயல் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, அவமானத்தில் 'நான்' நிற்கிறேன் என்ற இந்தப் பிரிவினையை ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற உளவியலாளர் 1971-இல் விரிவாக எழுதினார். இன்றும் பல ஆய்வுகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

நான்காவது கொஞ்சம் நுட்பமானது. பக்கத்து இருக்கைக்காரர் சாதாரணமாகப் பேச்சுக் கொடுக்கிறார். எந்த ஊர், என்ன வேலை என்று. உங்களுக்குப் பேச்சு வரவில்லை. அவர் எந்தக் கெடுதலும் செய்யவில்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் தெரியாமையே நடுவில் ஒரு கண்ணாடி மாதிரி நிற்கிறது. இதற்குப் புழக்கத்தில் தனிப் பெயர் இல்லை. நான் இந்தக் கட்டுரைக்காகத் துண்டிப்பு என்று வைத்துக்கொள்கிறேன்.

டிக்கெட் விஷயத்தில் இந்த நான்காவது ஐந்து நிமிடத்தில் கரைந்துவிடும். கொலையில் கரையாது.

ரஸ்கோல்நிகோவிடம் பயம் ஏராளம். அவமானம் அதைவிட ஏராளம். நெப்போலியன் ஒரு கிழவியின் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போய்ப் பெட்டியை இழுப்பானா என்று நினைத்து நினைத்து வெட்கிப் போகிறான். கொன்றதைவிட, கொன்ற பிறகு நடுங்கியதுதான் அவனுக்குக் கேவலமாக இருக்கிறது. பாதிக்கப்பட்டவரைப் பற்றி நினைக்க வேண்டிய அந்த இரண்டாவது உணர்வு? லிஸாவெதாவைப் பற்றி அவனே ஓரிடத்தில் ஆச்சரியப்படுகிறான்: நான் அவளைக் கொல்லாத மாதிரி, அவளை ஏன் நினைப்பதே இல்லை என்று. நாவலிலேயே என்னை மிகவும் சில்லிட வைத்த வரி இதுதான்.

சரி, இதுவரை: பயம், குற்றவுணர்வு, அவமானம், துண்டிப்பு நான்கும் வேறு வேறு. நாவலைப் பற்றிய பேச்சில் எல்லாவற்றையும் 'மனச்சாட்சி' என்று சொல்லிவிடுகிறோம். அவனிடம் மிகக் குறைவாக இருப்பது குற்றவுணர்வு.

குரங்கை நினைக்காமல் மருந்து குடிப்பது

வருத்தமே இல்லாதவன் என்றால் ஏன் இப்படித் தன்னையே காட்டிக்கொடுக்கத் துடிக்கிறான்? கொலைக்கு மறுநாள் போலீஸ் நிலையத்திலிருந்து அழைப்பு வருகிறது. வீட்டுக்காரிக்குத் தர வேண்டிய கடன் பாக்கி பற்றிய அழைப்புதான் அது. போனவன், அங்கே அதிகாரிகள் கொலையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு மயங்கி விழுகிறான். பிறகு ஒரு மதுக்கடையில் போலீஸ் நிலைய எழுத்தரான ஸமியோதவிடம் உட்கார்ந்து, 'நானாக இருந்தால் நகைகளை ஒரு கல்லுக்கு அடியில் புதைத்திருப்பேன்' என்று தான் செய்ததையே விலாவாரியாகச் சொல்கிறான். 'கொன்றது நானாகவே இருந்தால்?' என்றும் கேட்டுவிட்டு, விளையாட்டு மாதிரி எழுந்து போகிறான். அதே இரவில் கிழவியின் வீட்டுக்கே போய், அழைப்பு மணியின் கயிற்றை இழுத்து இழுத்து அந்தத் தகர ஓசையைக் கேட்கிறான்.

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொல்லிவிட்டுப் போன வைத்தியர் கதை நமக்குத் தெரியும். அதன்பின் குரங்கு வராமல் ஒரு வாய் மருந்துகூட உள்ளே போகாது. தஸ்தயெவ்ஸ்கியிடம் அந்தக் குரங்குக்குப் பதில் ஒரு பனிக்கரடி இருக்கிறது. இந்த நாவலுக்கு மூன்று ஆண்டு முன்பு, 1863-இல் வந்த தன் பயணக் கட்டுரையில், பனிக்கரடியை நினைக்கக் கூடாது என்று முடிவு செய்து பாருங்கள், அந்தப் பாழாய்ப்போனது நிமிடத்துக்கு ஒரு தரம் வந்து நிற்கும் என்ற பொருளில் எழுதினார்.

ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த வரியைப் பிடித்துக்கொண்டு அதை நிஜமாகவே சோதித்துப் பார்த்தார். 1987-இல் வெளியான அந்த ஆய்வில், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், மீறி நினைத்தால் மணியடியுங்கள் என்று சொல்லப்பட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. ஒரு நினைப்பை வலிந்து தள்ளி வைப்பதற்கு எண்ண அடக்கல் என்று பெயர். (ரஸ்கோல்நிகோவ் இழுத்ததும் மணி, இவர்கள் அடித்ததும் மணி. தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.)

ஏன் இப்படி நடக்கிறது? வெக்னர் பின்னால் சொன்ன விளக்கத்தை ஒரு வீட்டை வைத்துப் புரிந்துகொள்ளலாம். குரங்கை உள்ளே விடாமலிருக்க இரண்டு பேரை வேலைக்கு வைக்கிறீர்கள். ஒருவர் உங்களுக்கு வேறு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பவர். மற்றவர் வாசலில் நின்று, குரங்கு வந்துவிட்டதா என்று பார்ப்பவர். பார்க்க வேண்டுமென்றால் அவர் கையில் குரங்கின் படம் எப்போதும் இருந்தாக வேண்டும் அல்லவா? பேச்சுக் கொடுப்பவரின் வேலை கடினம், சீக்கிரம் களைத்துவிடுவார். வாசல்காரர் களைப்பதே இல்லை. பட்டினி, தூக்கமின்மை, காய்ச்சல் என்று உடம்பு தளர்ந்தால் முதலில் விழுவது பேச்சுக் கொடுப்பவர்தான். மிச்சமிருப்பது படத்தைக் கையில் வைத்திருக்கும் ஆள். ரஸ்கோல்நிகோவ் அந்தச் சில நாட்களும் இருந்த நிலை ஏறக்குறைய இதேதான்.

புலன் விசாரணை செய்யும் போர்ஃபிரி பெத்ரோவிச்சுக்கு இது நன்றாகத் தெரியும். அவரிடம் உருப்படியான தடயம் எதுவும் இல்லை. அவரும் அவசரப்படவில்லை: கைது செய்யாமல் வெளியே விட்டுவைத்தால், விளக்கைச் சுற்றும் விட்டில் மாதிரி அந்த ஆள் தானாகவே சுற்றிச் சுற்றி வந்து விழுவான் என்று அவனிடமே சொல்கிறார். அதே போர்ஃபிரிதான் மனோதத்துவம் இரு முனையுள்ள தடி என்றும் சொல்கிறார். எந்தப் பக்கமும் அடிக்கும்.

கத்தரிக்கோல்

எண்ண அடக்கல் அவன் ஏன் உளறுகிறான் என்பதை விளக்கும். அது மட்டும் ஒருவனை ஒப்புதல் வரை கொண்டுபோய்விடாது. ரகசியத்தை இறுதிவரை வைத்துக்கொண்டு செத்துப்போனவர்கள் உலகத்தில் நிறைய. இந்த இடத்தில்தான் நாவல் பழமொழியை விட்டு விலகித் தன் வழியில் போகிறது.

போலீஸ் நிலையத்தில் அவன் மயங்கி விழுவதற்கு முன்னால் ஒன்று நடக்கிறது. கடன் பத்திர விவகாரம் முடிந்துவிட்டது, கொலையைப் பற்றி யாரும் அவனைக் கேட்கவில்லை. தப்பித்தாயிற்று. சந்தோஷப்பட வேண்டிய அந்த நிமிடத்தில், முடிவே இல்லாத ஒரு தனிமை அவனுக்குள் இறங்குகிறது. இந்த அறையில் இருப்பவர்கள் போலீஸ்காரர்களாக இல்லாமல் என் சொந்தச் சகோதர சகோதரிகளாக இருந்தாலும் இனி அவர்களிடம் பேச எனக்கு எதுவும் இல்லை என்று உணர்கிறான். அவன் வாழ்க்கையில் அதுவரை அனுபவித்திராத உணர்ச்சி அது என்கிறார் தஸ்தயெவ்ஸ்கி.

அன்றே நேவா நதியின் பாலத்தில், ஒரு வண்டிக்காரன் இவனைச் சாட்டையால் அடித்துவிட்டுப் போகிறான். பிச்சைக்காரன் என்று நினைத்து ஒரு வியாபாரியின் மனைவி இரக்கப்பட்டு 20 கோபெக் கையில் வைக்கிறாள். அவன் அதைத் தண்ணீரில் எறிகிறான். எறிந்த நிமிடம், எல்லோரிடமிருந்தும் எல்லாவற்றிலிருந்தும் கத்தரிக்கோலால் தன்னை வெட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது அவனுக்கு. தாயும் தங்கையும் ஊரிலிருந்து வருகிறார்கள். 'பேசுவதற்கு நமக்கு நிறைய நேரம் இருக்கும்' என்று தாயிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இனி யாரிடமும் எதைப் பற்றியும் பேசவே முடியாது என்பது உறைத்து வெளிறிப் போகிறான்.

பஸ்ஸில் பார்த்த நான்காவது விஷயம் இதுதான். இது நானாக ஏற்றிச் சொல்லும் வியாக்கியானம் இல்லை. 1865 செப்டம்பரில், சூதாட்டத்தில் எல்லாம் தோற்று ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் கையில் காசில்லாமல் கிடந்த தஸ்தயெவ்ஸ்கி, பத்திரிகை ஆசிரியர் கட்கோவுக்கு எழுதிய கடிதத்தில் கதைச் சுருக்கத்தைத் தருகிறார். மனித குலத்திலிருந்து அறுபட்டுவிட்டோம் என்ற உணர்வுதான் கொலையாளியை வதைக்கிறது, மனிதர்களோடு மறுபடி சேர்வதற்காகவே தன்னைக் காட்டிக்கொடுக்க நேர்கிறது என்று அதிலேயே இருக்கிறது. நாவலை முதலில் கொலையாளியே 'நான்' என்று சொல்லும் ஒப்புதலாகத்தான் எழுதத் தொடங்கினார், பிறகு அதைக் கைவிட்டார். நல்ல முடிவு என்று நினைக்கிறேன். தன் கதையை உட்கார்ந்து சொல்ல முடிகிறவன் முழுசாக அறுபட்டவன் இல்லையே.

ரகசியம் ஏன் கனக்கிறது என்பதை இப்போதைய ஆய்வுகளும் இதே பக்கமாகப் பார்க்கின்றன. யாராவது கேட்கும்போது மறைப்பதுதான் சிரமம் என்று நினைக்கிறோம். மைக்கேல் ஸ்லெபியனும் சக ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் தெரிந்தது வேறு. ஆட்கள் ரகசியத்தைப் பேச்சில் மறைக்கும் தருணங்கள் குறைவு. யாரும் கேட்காமல், தனியாக இருக்கும்போது மனம் தானாக அங்கே போவதுதான் அதிகம். மன நலத்தோடு அதிகம் தொடர்பு கொண்டதும் இதுதான். பல்லிடுக்கில் பாக்குத் துண்டு சிக்கினால் நாக்கு சும்மா இருக்கிறதா? அது மாதிரி.

மூன்று ஒப்புதல்கள்

குற்றத்தை ஏற்று அதிகாரியிடம் சொல்வது ஒப்புதல் வாக்குமூலம். இன்னொரு மனிதரிடம் மனம்விட்டுச் சொல்வது வேறு. நாவலில் இரண்டும் உண்டு, இரண்டிலும் சேராத ஒன்றும் உண்டு.

சேராததை முதலில் பார்ப்போம். அந்தக் கட்டடத்தில் வேலை செய்த பெயின்டர் நிகொலாய், போர்ஃபிரியின் அறைக்குள் திடுமென்று நுழைந்து 'நான்தான் கொலைகாரன்' என்கிறான். அவன் கொல்லவே இல்லை. துன்பத்தை ஏற்பதே புண்ணியம் என்று நம்பும் ஒரு மதப் பிரிவைச் சேர்ந்தவன், கிடைத்த துன்பத்தைத் தானாக வாங்கிக்கொள்ளப் பார்க்கிறான் என்று போர்ஃபிரி பிறகு விளக்குகிறார். செய்யாதவன் ஒப்புக்கொள்கிறான், செய்தவன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறான். ஒப்புதலும் குற்றவுணர்வும் ஒன்றோடொன்று ஒட்டியே வரும் என்ற எண்ணத்தை இந்த ஒரு காட்சி போதும் உடைக்க.

இரண்டாவது சோனியாவிடம். குடும்பப் பசிக்காகத் தெருவுக்கு வந்த பெண் அவள். அவளிடமும் 'நான் கொன்றேன்' என்ற சொற்கள் அவன் வாயில் வரவில்லை. 'நன்றாகப் பார், கண்டுபிடி' என்கிறான். அவள் முகத்தில் படரும் பயத்தில், கோடாரியைக் கண்டு பின்வாங்கிய லிஸாவெதாவின் முகம் தெரிகிறது அவனுக்கு. குழந்தை பயப்படுகிற மாதிரி. சோனியா அவனைத் திட்டவில்லை, விலகி ஓடவும் இல்லை. கட்டிக்கொண்டு, 'உங்களுக்கு நீங்களே என்ன செய்துகொண்டீர்கள்' என்று அழுகிறாள். வெட்டப்பட்ட இடத்தில் முதல் தையல் விழுவது இங்கேதான். அவனோ உடனே தன் நெப்போலியன் விளக்கங்களை ஆரம்பித்துவிடுகிறான். மனம் திறந்திருக்கிறது, திருந்தவில்லை.

நாற்சந்திக்குப் போ, மண்ணை முத்தமிடு, நான்கு திசையும் வணங்கி எல்லோருக்கும் கேட்கும்படி கொன்றேன் என்று சொல் என்கிறாள் சோனியா. அவன் போகிறான். சந்தைச் சதுக்கத்தில் மண்டியிடுகிறான். சுற்றி நிற்பவர்கள் குடிகாரன் என்று சிரிக்கிறார்கள், ஜெருசலேமுக்குப் புறப்பட்டுவிட்டான் போல என்று ஒருவன் கிண்டல் செய்கிறான். நாக்கு நுனி வரை வந்த சொல் அப்படியே திரும்பிப் போய்விடுகிறது.

மூன்றாவது போலீஸ் நிலையத்தில். மேலே ஏறிப் போகிறான். தன் ரகசியம் தெரிந்திருந்த ஸ்வித்ரிகைலோவ் தற்கொலை செய்துகொண்டான் என்று அங்கே கேள்விப்படுகிறான். வாய் திறக்காமல் இறங்கி வந்துவிடுகிறான். முற்றத்தில் வெளிறிய முகத்தோடு சோனியா நிற்கிறாள். அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஏறிப் போய், அந்தக் கிழவியையும் அவள் தங்கை லிஸாவெதாவையும் கோடாரியால் கொன்று திருடியது நான்தான் என்கிறான். அந்த இரண்டாம் முறை படியேறியதற்குக் காரணம் சட்டமா, மனச்சாட்சியா? கீழே நின்ற ஒரு முகம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆக, அடக்கிய எண்ணம் அவனை உளற வைக்கிறது. துண்டிப்பு அவனைச் சோனியாவிடம் தள்ளுகிறது. சோனியா இருப்பதால் போலீஸிடம் போக முடிகிறது. வருத்தம் இந்த வரிசையில் இன்னும் வரவே இல்லை.

சைபீரியாவில்

தீர்ப்பு 8 ஆண்டு கடுங்காவல். திருடியதை அவன் தொடவே இல்லை, இன்னொருவன் பொய்யாக ஒப்புக்கொண்டிருந்தபோதும் தானாக முன்வந்தான் என்பதாலெல்லாம் குறைந்த தண்டனை. சிறையில் நோயில் விழுகிறான். வேலையோ, சாப்பாடோ, மொட்டையடித்த தலையோ அவனை வாட்டவில்லை, காயம்பட்ட கர்வம்தான் வாட்டுகிறது என்கிறது பின்னுரை. தான் செய்த ஒரே தப்பு, தாங்க முடியாமல் ஒப்புக்கொண்டதுதான் என்று அங்கேயும் நினைக்கிறான். பஸ் கணக்கில் சொன்னால் இன்னும் மூன்றாவது உணர்விலேயே நிற்கிறான். மற்ற கைதிகள் அவனை வெறுக்கிறார்கள். தூரத்து ஊரிலிருந்து பின்னாலேயே வந்து அங்கே தங்கிவிட்ட சோனியாவிடம் அவர்களுக்கு ஒரே பிரியம்.

ஈஸ்டருக்குப் பிறகு ஒருநாள் காலை ஆற்றங்கரையில், ஏன் என்று தெரியாமலேயே அவள் காலடியில் விழுந்து அழுகிறான். இந்த முடிவு ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லும் விமர்சகர்கள் உண்டு. முதல் வாசிப்பில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் தஸ்தயெவ்ஸ்கி அங்கேயும் 'திருந்திவிட்டான்' என்று எழுதவில்லை. இன்னும் 7 ஆண்டு இருக்கிறது என்றுதான் எழுதுகிறார். தலையணைக்கு அடியில் ஒரு புதிய ஏற்பாடு இருக்கிறது, சோனியாவிடம் கேட்டு வாங்கியது. அவளுக்கு அதைக் கொண்டுவந்து தந்தவள் லிஸாவெதா. அன்று இரவு அவன் அதைக் கையில் எடுக்கிறான், இன்னும் திறக்கவில்லை.